சூளைக்குப் போகாத பசை

சுத்தம் செய்யும் பெண்ணின் கைகள் வெடித்து ரத்தம் கசிவதைக் கண்ணாடிக்காரம்மா ஒருநாள் கவனித்தார். தொலைநோக்கி கட்டும் அறைக்குள் கைக்குக் களிம்பு பூசி வரக் கூடாது. அதன் ஆவி தொலைநோக்கியின் கண்ணாடியான ஆடியில் படிந்தால் புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். அந்த விதியைப் போட்டவரே அவர்தான். மறுநாள் அந்தப் பெண்ணின் பெட்டியில், ரப்பர் கையுறைக்குள் போட்டுக்கொள்ள மெல்லிய பருத்தி உறைகள் இருந்தன. வைத்தவர் பெயர் அதில் இல்லை.

கண்ணாடிக்காரம்மா என்பது ஆடிகளோடு கிடந்ததால் வந்த பட்டப்பெயர். புற ஊதா ஒளியில் பெரும்பகுதியைக் காற்று தரைக்கு விடாது; மேலே விண்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். மேலே போவதற்கோ எடை பகை. வானத்தை அகலமாக ஒரே பார்வையில் பிடிக்கும் தொலைநோக்கியை ஒரு குடத்தின் அளவுக்குள் மடக்குவதற்கே அவர் பாதி ஆயுளைக் கொடுத்தார்.

"அம்மா வந்துட்டா தும்மல்கூட உத்தரவு கேட்டுத்தான் வரும்" என்று அறையில் கேலி பேசுவார்கள். எல்லார் வேலையையும் துருவிப் பார்ப்பவர், ஆடிகளைச் சட்டத்தில் ஒட்டுபவன் வேலையை மட்டும் பார்த்ததில்லை. அவன் அவரை அக்கா என்பான். கூடப் பிறக்காத தம்பி. அவர் நோயில் படுத்தபோது கஞ்சி கொண்டுவந்தவன்.

ஒருமுறை அவசரத்தில் அவன் பசையை வெற்றிடச் சூளையில் வைத்து ஆவி போக்காமல் அப்படியே ஒட்டிவிட்டான். காற்றை உறிஞ்சி எடுத்த சோதனைக் கலத்துக்குள் பசை மெல்ல ஆவி விட்டது. ஆடிகள் பார்வைக்குப் பளபளத்தன. புற ஊதாவுக்குக் குருடாகிப் போயின.

"யார் சொல்லி ஒட்டினீங்க?" விசாரணையில் மேலதிகாரி கேட்டார்.

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்காதான்... நேரமில்ல, அப்படியே ஒட்டிடுன்னாங்க."

"நானா சொன்னேன் தம்பி? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் நிமிரவில்லை. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இத்தனை மெல்லிய குரலில் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவன் வேலையை ஒருமுறையும் சோதிக்காதவர் பேச்சு எடுபடவில்லை; அவரை விலக்கினார்கள். புது ஆடிகள் செய்து தொலைநோக்கியை முடிக்கும் பொறுப்பு அவனுக்கே போனது.

அவருடைய கடைசி நாளில் அவன் வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"பிள்ளைகுட்டிக்காரன்க்கா நான். பயந்துட்டேன். மன்னிச்சிடுங்கக்கா."

அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். ஆண்டவன் அவர் மனத்தில் வெறுப்பை வைக்கவில்லை. வலியை மட்டும் தாராளமாக வைத்திருந்தான்.

"மன்னிப்பை ஆண்டவன்கிட்ட கேளு, குடுப்பான். புதுசா ஒட்டும்போதாவது பசையைச் சூளையில வை. அந்த ஆடி ஒரு பாவமும் பண்ணல. என்னை மட்டும் இனிமே அக்கான்னு கூப்பிடாதே."