யூனிஃபார்மில் இல்லாத நெடி

முதலில் கணவரின் யூனிஃபார்மைத்தான் சந்தேகப்பட்டேன். கும்மிடிப்பூண்டியில் இறால் பதப்படுத்தும் கம்பெனியில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். அங்கே குழாய்களில் அம்மோனியா ஓடும். ஆரம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குள் அதே காரநெடி ஏறியதும், துணியை மறுபடி மறுபடி அலசினேன். நெடி போகவில்லை.

அவரும் பயந்திருந்தார். “எங்கனா லீக் ஆவுதோ இன்னாவோ. எனக்கே தெரியாம உடம்புல ஏத்திகினு வரேனா?” என்றார்.

மறுநாள் காலை எங்கள் நாய் செவலை படுக்கும் சாக்கை எடுத்தபோது விஷயம் புரிந்தது. சாக்கு நனைந்திருந்தது. வளர்ந்த பெட்டை அவள். வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்ததில்லை. வாசலில் விட்டேன். திரும்பத் திரும்பக் குந்தினாள். சில சொட்டுகள்தான் வந்தன. அதிலும் ரத்தக் கலப்பு.

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். “இந்த நாத்தத்துல எப்பிடிம்மா இருக்கறது? எங்கனா இட்டுனு போய் உட்டுட்டு வாங்க.”

கணவர் போனை எடுத்தார். லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வந்தார்.

கால்நடை மருத்துவர் அவசரப்படவில்லை. “தண்ணி கம்மியா குடிச்சாலே மூத்திரம் கெட்டியாகி வாடை வரும்மா. கிருமி, கல்லு, சுகர், கிட்னி, கர்ப்பப்பைல சீழ், எதுவா வேணா இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது.”

செவலைக்கு வந்திருந்தது சிஸ்டைடிஸ் (சிறுநீர்ப்பை அழற்சி). சில கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குமாம். அப்படியே கல்லும் உருவாகுமாம். ஸ்கேனில் கல் தெரிந்தது.

“அப்போ ஊட்லயே ஒரு பிளாண்ட் ஓடிகினு இருந்துக்குது” என்றார் கணவர். சிரிக்கத்தான் முயன்றார். கை மட்டும் செவலையின் கழுத்தை விடவில்லை.

சிஸ்டாடமி (சிறுநீர்ப்பையைத் திறந்து கல்லை எடுக்கும் அறுவைச் சிகிச்சை) முடிந்தது. மயக்கம் தெளிந்தும் அவள் சிறுநீர் கழிக்கவில்லை. வழி அடைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் அவளை நிறுத்திக் காத்திருந்தோம். கணவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் மெல்லக் குந்தினாள். மண் நனைந்து பரவியது. நான் குனிந்து மோந்து பார்த்தேன். காரநெடி இல்லை.

நாயை விட்டுவிடச் சொல்லி வீட்டுக்காரம்மா இப்போது பேச்செடுப்பதில்லை. மாத்திரை முடிந்த பிறகும் ஒருமுறை சிறுநீரைப் பரிசோதித்தோம். கிருமி திரும்ப வரக்கூடியது. உங்கள் நாயின் சிறுநீர் வாடை மாறி இரண்டு நாளில் சரியாகவில்லையென்றால் காட்டிவிடுங்கள். முக்கியும் வரவில்லையென்றால் அன்றைக்கே ஓடுங்கள்.

நான் வேலை செய்வது வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியின் ஒயரிங் லைனில். பாத்ரூமுக்கு எழுந்து போனால் வேலை தேங்கும் என்பதற்காகவே அங்குள்ள பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அடிவயிறு வலிப்பதை ஷிப்டின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பாட்டிலைக் காலியாக்குகிறேன். போகத் தோன்றியதும் கையைத் தூக்குகிறேன்.

“இன்னாக்கா, அடிக்கடி போற? உடம்பு சரியில்லியா?” என்று சூப்பர்வைசர் கேட்டார்.

“நல்லாத்தான் கீறேன்பா. அதான் போறேன்” என்றேன்.