நாவல் கொட்டைப் பொடி டப்பா

எங்கள் கொல்லையில் நிற்கும் நாவல் மரத்தை என் மனைவி மருந்துக்கடையாக மாற்றியது, டாக்டர் என்னிடம், "அடுத்த தடவையும் சுகர் இறங்கலன்னா ஊசிதாங்க" என்று சொன்ன அன்று சாயங்காலம். ஊசி என்றாலே எனக்கு வேர்த்து ஊற்றும். காரைக்காலில் எங்கள் தெரு முழுக்க அறிந்த விஷயம் இது.

டாக்டரின் மாத்திரையோடு முதலில் மரப்பட்டைக் கஷாயம் வந்தது. டம்ளரை நீட்டுமுன் சிலுவை போட்டுக்கொள்வாள். கட்டிய புருஷன்மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோய்க் குடித்தேன். வயிறு கலக்கி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதியிலேயே எழுந்து ஓடினேன். அடுத்து கொழுந்திலைச் சாறு. உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. கடைசியாக, பழக்கொட்டையைக் காயவைத்து இடித்த பொடி, தினம் காலையில் மோரில் ஒரு ஸ்பூன். ஒரே துவர்ப்பு. ஆனால் வயிறு சண்டைக்கு வரவில்லை.

பொடி டப்பாதான் என்னவோ மளமளவென்று காலியாகிக்கொண்டிருந்தது. கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாமேல் எனக்குச் சந்தேகம். வரும்போதெல்லாம் நாவல் பட்டை கேட்டு வாங்கிப் போகிறவர். மனைவியிடம் சொன்னேன்.

"மனுசங்கள அப்படிச் சந்தேகப்படாதீங்க, பாவம்" என்றாள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில், நான் மயங்கி விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமென்று அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுக்கும் பெண் அவளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கம்மா. போன தடவ சாரவிட உங்களுக்குத்தான ஜாஸ்தியா இருந்துச்சு? இப்ப எப்படின்னு பாத்துடுவமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஊசி போட்டுக்கச் சொல்லுவீங்க. எனக்கும் பயம்தாங்க."

"அப்ப அந்த டப்பா?"

"பட்டை உங்க வயித்தக் கலக்கிடுச்சு, நான் தொடல. இலையும் உங்களுக்கு ஒத்துக்கல. பொடி உங்கள ஒண்ணும் பண்ணல. அதான் நானும் ஆரம்பிச்சேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாள் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாளே! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் அந்தப் பெண் ஊசியோடு வந்து நின்றாள். "யாருக்கு மொதல்ல?"

"இவருக்கு எடுங்க" என்றாள் என் மனைவி, சிலுவை போட்டுக்கொண்டே.