தூதர் வந்த ஆண்டின் இரண்டு அழைப்பிதழ்கள்

கள்ளக்குறிச்சியில் சர்வதேச அரசியல் பள்ளி என்ற கோடை வகுப்பைத் தொடங்கியபோது, நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் துறையின் தலைவனாக இருந்தேன். என் மாணவர்களில் வட்டாட்சியர் ஆனவர்கள் உண்டு, வழக்கறிஞர் ஆனவர்களும் உண்டு. என்னிடம் ஒப்படைத்த காரியம் பாதியில் நின்றது என்று எவரும் சொன்னதில்லை.

பள்ளிக்கு ஆண்டுதோறும் சிறப்புப் பேச்சாளர்களை அழைப்பேன். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் வந்து இந்துமாக்கடலைப் பற்றிப் பேசினார். சென்னையிலிருந்து பேராசிரியர்கள் வந்தனர். ஆனால் அயல்நாடுகளில் இந்தியத் தூதராக இருந்த ஒருவர் வர இசைந்தது அந்த ஓர் ஆண்டுதான்.

பள்ளிக்குப் புரவலர்கள் இருவர். கல்வராயன் மலையடிவாரத்தில் தம் திருமண மண்டபத்தைத் தந்தவர் தியாகதுருகத்து அரிசி ஆலை அதிபர். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டவர் சங்கராபுரத்து நிலக்கிழார். எங்கள் பக்கத்தில் அழைப்பிதழில் பெயர் கீழே போனவர் விழாவுக்கு வருவதில்லை. இருவரில் ஒருவர் விலகினாலும் பள்ளி அத்துடன் முடிந்தது. என் பெயரும் முடிந்தது.

ஆகவே நாடுகள் செய்வதையே நானும் செய்தேன். இரு நாடுகள் உடன்படிக்கை செய்யும்போது இரண்டு பிரதிகள் எழுதப்படும். ஒவ்வொரு நாடும் தான் வைத்துக்கொள்ளும் பிரதியில் தன் பெயரையே முதலில் காணும். அதன்படி சங்கராபுரத்தில் வழங்க ஒருவிதமாகவும் தியாகதுருகத்தில் வழங்க வேறுவிதமாகவும் அழைப்பிதழ் அச்சிடச் சொன்னேன்.

நாடுகளின் பிரதிகள் தனித்தனிக் காப்பகங்களில் உறங்கும். எங்கள் பிரதிகளோ இரண்டு ஊர்ப் பேருந்துகளில் ஏறி ஒரே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன.

தூதர் மேடையில் அமர்ந்துவிட்டார். முன்வரிசையிலிருந்த நிலக்கிழார், பக்கத்தில் இருந்த தியாகதுருகத்துக்காரர் ஒருவரின் அழைப்பிதழை வாங்கிப் பார்த்தார்.

“இன்னாங்க இது? எங்க ஊருல குடுத்ததுல என் பேரு மேல இருக்குது. இதுல அடியில தள்ளிட்டிருக்கீங்க!”

ஆலை அதிபர் சிரித்தார். “உங்க ஊருல நீங்க மொதல்ல, எங்க ஊருல நான் மொதல்ல. இங்க அடிவாரத்துல யாருங்க மொதல்ல? மலையிலேருந்து எறங்குற கரடியா?”

“கரடிதான் அப்பவே எறங்கி வந்து மண்டபத்துல ஒக்காந்துக்கினு இருக்குதே!”

கூட்டம் சிரித்தது. ஆலை அதிபரின் முகம் கறுத்தது. மண்டபச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். நிலக்கிழார் சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, “அடுப்ப அணைங்கப்பா” என்றார்.

நான் ஒலிவாங்கியை வாங்கினேன். உடன்படிக்கைகளின் முறையை, வகுப்பில் சொல்வதுபோல நிதானமாக, அனைவர்க்கும் விளக்கினேன். “இந்த மண்டபம் ஆலை அதிபருடைய பிரதி. ஆகவே மேடையில் முதற் பொன்னாடை அவருடையது. பந்தி நிலக்கிழாருடைய பிரதி. அங்கே முதற் பொன்னாடை அவருடையது” என்று முடித்தேன். பிறகு தூதரை நோக்கி, நான் சொன்ன முறை சரிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தலையசைத்தார். வல்லரசுகளும் இப்படித்தான் கையெழுத்திடுகின்றன என்றார்.

நிலக்கிழார் சற்று யோசித்தார். “அப்போ பந்தியில விருந்தாளிக்குப் பக்கத்துல ஒக்கார்றது யாருங்க சார்?”

“தாங்கள்தான்.”

“அடுப்ப மூட்டுங்கப்பா!”

ஆலை அதிபர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். தூதர், ஒரே ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் அண்டை நாடுகளைப் பற்றி அருமையாகப் பேசினார். பந்தியில் மலைச் சாமைச் சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறு ஆண்டும் அதே மண்டபத்தில், அதே சாப்பாட்டுடன் பள்ளி நடந்தது.

இப்போது சிலர், அச்சகத்தார் பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டதாகவும், திகைத்து நின்ற என்னைத் தூதர் தம் சாமர்த்தியத்தால் காப்பாற்றியதாகவும் பேசிவருகின்றனர். அது அச்சுப்பிழை அன்று. இரண்டு விதமாக அச்சிடச் சொன்னவன் நான். அழைப்பிதழ்கள் இரண்டு ஊர்களிலும் வழங்கப்பட்ட பிறகுதான் தூதர் கள்ளக்குறிச்சிக்கே வந்தார்.