பனங்கட்டிக் குட்டானில் குளிசை

சண்டையில் கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து, தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு கிடுகுக் கொட்டிலில் நாங்கள் இருந்த காலம் அது. மூத்தவளுக்கு மூன்று வயது. வயிற்றில் இரண்டாவது. என் கணவர் காட்டில் விறகு வெட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் விற்பார். நான் பனையோலையில் பெட்டி இழைப்பேன்.

பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பொலித்தீன் பை வருவது நின்று நெடுநாளாகியிருந்தது. மீன் தேக்கிலையில் வந்தது. சீனி, மரவள்ளி மாப்பசையால் ஒட்டிய கொப்பித்தாள் பையில் வந்தது. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசைகளை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் ஒரு வழியும் இல்லை. சீலைத் தலைப்பில் முடிந்தால் வியர்வையில் ஊறிச் சிவப்புச் சாயம் இறங்கும். கடதாசியில் சுற்றினால் மழையில் பிய்ந்துவிடும். ஒருநாள், பனங்கட்டிப் பாகை ஊற்றி இறுகவைக்கிற குட்டானைப் போலவே சின்னதாக ஓர் ஓலைப்பெட்டி இழைத்து, மூடியும் போட்டுக் கொண்டுபோனேன். கிளினிக்கின் தாதி, எங்கள் மிசி, அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"தங்கச்சி, இது நல்லாயிருக்கு. ஈரம் அண்டாது. மற்றப் பிள்ளையளுக்கும் இழைச்சுத் தருவியோ?"

இழைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கர்ப்பிணிகள் எல்லாருடைய கையிலும் என் குட்டான்தான். வழியில் அதைக் காணும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

என்னுடையதைக் கூரை வளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். அன்று மத்தியானம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கொட்டில் அக்காவின் குரல் கேட்டது. அவர்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்.

"தங்கச்சி, ஓடியா! புள்ள வாயெல்லாம் சிவப்பா இருக்கு!"

இரத்தம் என்றுதான் நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மூத்தவள், கவிழ்த்து வைத்திருந்த உரலின்மேல் ஏறிக் கயிற்றை இழுத்திருக்கிறாள். நிலத்தில் குட்டான் திறந்து கிடந்தது. பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு அவள் இருந்தாள். உதடு, நாக்கு, விரல் எல்லாம் சிவப்பு.

"என்னடி திண்டனி?"

"பனங்கட்டி" என்றாள் சந்தோசமாக.

அந்தக் குளிசையின் மேல்பூச்சு இனிப்பு. அதை நான் மறக்கவில்லை. ஆனால் குட்டான் என்றால் அவளுக்குப் பனங்கட்டிதான் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

"எத்தினை திண்டனி? அம்மாவுக்குச் சொல்லு."

"நிறைய."

அவளுக்கு ஒன்றுக்குப் பிறகு எல்லாமே நிறையத்தான். நிலத்தில் சிதறியதைக் கூட்டிப் பொறுக்கிப் பார்த்தேன். எண்ணி முடிக்கவில்லை. அதற்குள் அவள் முகம் வெளிறி, குனிந்து சத்தி எடுத்தாள். செம்மண்ணில் விழுந்தது சாயமா இரத்தமா என்று தெரியவில்லை.

என்னால் அவளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அக்காதான் பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு ஓடினா. நான் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன். சாமான் ஏற்றிவந்த ஓர் உழவு இயந்திரத்தைக் கைகாட்டி மறித்து ஏறினோம். குண்டும் குழியுமான றோட்டில் இழுவைப் பெட்டி தூக்கிப் போட்டது. பிள்ளை அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தபடி கிடந்தாள்.

"தூங்க விடாத, தங்கச்சி. பேசிக்கிட்டே வா" என்றா அக்கா. நான் அவள் பேரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

அப்போது ஆஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கியது. டொக்டர் மெலிந்த, நித்திரையில்லாத கண்களோடு இருந்த மனிதர். வாய்க்குள்ளால் குழாயை விட்டு வயிற்றைக் கழுவினார். நான்தான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். வந்த தண்ணீர் முதலில் சிவப்பாக இருந்தது, பிறகு மண் நிறமானது. அதில் அரைகுறையாகக் கரைந்த குளிசைகள் மிதந்தன. சேலைன் ஏற்றினார்கள்.

வெயில் சாயும் நேரம் அவள் எழுந்து இருந்தாள். பக்கத்துக் கட்டில் கிழவியின் விசிறியைக் கேட்டாள். கிழவி பகிடிக்கு விசிறியால் முகத்தை மறைக்க, கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். நான் கும்பிட்டுக்கொண்டே டொக்டரிடம் போனேன்.

"ஐயா, பிள்ளைக்குச் சுகம். வீட்டை கொண்டு போகட்டே?"

அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, இந்தச் சிரிப்பை நம்பாதேங்கோ. இந்தக் குளிசை முதல்லை வயித்தைப் பிரட்டும். பிறகு சுகம் வந்த மாதிரி இருக்கும். உள்ளுக்கை நிறையப் போயிருந்தால் அதுக்குப் பிறகுதான் ஈரலிலை காட்டும். நாளைக்கு முழுக்க இஞ்சை இருங்கோ."

"காட்டினால்?"

"அதுக்கு ஒரு மாற்று மருந்து இருக்கு. எங்களிட்டை இல்லை."

வேறெங்கே இருக்கும் என்று நான் கேட்கவில்லை. இராணுவத் தடைகளைத் தாண்டி வவுனியாவுக்குப் போவதென்றால் என்ன பாடு என்று எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்து கட்டில் விளிம்பில் இருந்தேன். அவள் விசிறியால் என் முகத்தை மறைத்தாள். சிரிக்கச் சொன்னாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்குப் பயம் கூடியது. அழுதிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

என் கணவர் விறகுக் கறையோடு அப்படியே சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவரைக் கண்டதும்தான் மற்றது எனக்கு நினைவுக்கு வந்தது. எத்தனை கொட்டிலில் என் குட்டான் தொங்குகிறது? அந்தக் கொட்டில்களில் எத்தனை குழந்தைகள்? அவர் கையைப் பிடித்தேன்.

"நீங்கள் இஞ்சை நிக்காதேங்கோ. மிசியிட்டை ஓடுங்கோ. குட்டான் இருக்கிற வீடெல்லாம் போய் வாங்கச் சொல்லுங்கோ."

"பிள்ளையை விட்டிட்டோ?"

"ஓம். போங்கோ!"

மிசி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகச் சைக்கிளில் போயிருக்கிறார்கள். பல வீடுகளில் பெண்கள் சிரித்தார்களாம், எங்கள் பிள்ளைகள் தொடாது என்று. இருட்டுவதற்குச் சற்று முன், வாய்க்கால்கரைப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு சிறுமிகள் முற்றத்தில் கடை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பூவரசம் இலையில் சிவப்புக் குளிசைகளைக் கூறுகூறாகப் பரப்பி வைத்திருந்தார்களாம். இவர் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து இலையோடு அள்ள, தாய் திட்டிக்கொண்டு ஓடிவந்தாவாம். நல்லகாலம், ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை.

அதை அவர் வந்து சொன்னபோது விடிந்திருந்தது. எங்கள் பிள்ளைக்கு மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. நான் கத்தினேன். டொக்டர் வந்து அவள் கண்மடலை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"இது இரும்பு வெளியாலை போற நிறம். பயப்பிடாதேங்கோ. கண்ணிலை மஞ்சள் இல்லை."

அன்று முழுவதும் நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் பட்டால் மஞ்சளாகத் தெரியும். நிழலுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். திரும்ப வெயிலுக்குக் கொண்டுவருவேன். கடைசியில் அவளே கையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். அதற்குப் பிறகு மிசி கொப்பித்தாளில் பை ஒட்டிப் பார்த்தா. மாப்பசை மணத்துக்கு எலி வந்து பையைத் தின்று குளிசையை நிலத்தில் கொட்டிவிட்டது. திரும்ப என்னைக் கூப்பிட்டா.

"தங்கச்சி, ஓலைதான் சரி. மூடியை இறுக்கி, வேறை மாதிரி இழைச்சுத் தாவன்."

பனங்கட்டியின் சாயலே இல்லாமல், சுருட்டுப் பெட்டி போல் நீளமாக இழைத்து, கரித்தண்ணியில் ஊறப்போட்டுக் கறுப்பாக்கி, மூடியை இறுக்கமாகப் போட்டுக் கொடுத்தேன். பெரியவர்களுக்கே திறக்க நகம் நோகும். எல்லாரும் கொண்டுபோனார்கள்.

எனக்கென்று ஒன்று எடுக்க மிசி சொன்னபோது மட்டும் மாட்டேன் என்றேன்.

"அப்ப உன்ரை குளிசைக்கு?"

"நான் இஞ்சை வந்து விழுங்கிறன், மிசி."

"ஒவ்வொரு நாளுமோ? இந்த வயித்தோடையோ?"

"ஓம்."

பிள்ளை பிறக்கும்வரை அப்படியே நடந்து போனேன். மூத்தவளையும் கையில் பிடித்துக்கொண்டுதான் போவேன். மிசி உள்ளங்கையில் ஒரு குளிசை வைப்பா. மகளுக்குத் தெரியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று விழுங்குவேன்.