ஜக்கம்மாள் காட்டு பவுண்டரி

எனக்கு முன்கோபம் உண்டு. ஜக்கம்மாள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் கோபத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருப்பதால், இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரில் யாரைக் கேட்டாலும், "பிரான்சிஸா? நல்ல மனுசன்தான், கையில பேட்டைக் குடுக்காத வரைக்கும்" என்பார்கள். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் 'பவுண்டரி' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டபோது நான் எழுந்து "நாலு ரன்" என்றேன். பக்கத்திலிருந்த மைதீன் பிச்சை, "தரையில உருண்டு போனாத்தான் டீச்சர் நாலு, தூக்கி அடிச்சா ஆறு" என்று திருத்தினான். இருவரையும் வெளியே நிறுத்திவிட்டு அவர் போர்டில் என்னவோ எழுதினார். அதை உள்ளே உட்கார்ந்து படித்திருந்தால் போன சித்திரையில் நான் பட்ட பாடு பட்டிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர் வேடசந்தூருக்குக் கிழக்கே இருக்கிறது. நான் மில்லில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன். மைதானத்துக்கு ஒரு பக்கம் குளத்துக் கரை, இன்னொரு பக்கம் மில் பஸ் போகிற ரோடு, மூன்றாவது பக்கம் கருவேல முள். நாலாவது பக்கம், அதாவது பேட்ஸ்மேனுக்கு நேர் எதிரே, பவுலர் ஓடிவருகிற திசையில், ஜக்கம்மாள் அக்காவின் மல்லிகைக் காடு. விளைகிற நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம், மழையை நம்பிச் சோளம் விதைக்கிற ஊர். சோலைமுத்து மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தவர், "இம்புட்டுத் தண்ணிய வெச்சுக்கிட்டா சோளம் போடுறீக" என்று மாமனாரையே கேட்டாராம். அடுத்த வருடம் மல்லிகைப் பதியன் வந்துவிட்டது. மாமா மில் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை, பேசுவதையெல்லாம் ஹார்னிலேயே பேசித் தீர்த்துவிடுவார் போல. ஆகவே மோட்டார், உரம், மருந்தடிப்பு, வேன்காரரிடம் எடைக்காக மல்லுக்கு நிற்பது எல்லாம் அக்காதான். விடியக் காலையில் பறித்த பூவை எக்ஸ்எல் வண்டியில் வைத்து ரோட்டுக்குக் கொண்டுபோய், திண்டுக்கல் பூ மார்க்கெட் வேனில் ஏற்றிவிட்டு வந்து, மாமா கிளம்புவதற்குள் சோறும் வெஞ்சனமும் கட்டிக் கொடுத்துவிடுவார்.

நாங்கள் ஆட ஆரம்பித்த காலத்தில் அவருக்கும் எங்களுக்கும் ஆகாது. பந்து காட்டுக்குள் விழுந்தால் திரும்பி வராது. மோட்டார் ரூம் ஜன்னலில் ஒரு வலைப்பை தொங்கும், அதற்குள் எங்கள் பந்துகள் பதினொன்று, ஒரு முழு டீமாகக் கிடந்தன. நாங்கள் கெஞ்சினால், "மொட்டு உதிந்துச்சே, அதைத் திருப்பி ஒட்டிக் குடு, பந்தைத் தாரேன்" என்பார்.

பிறகு சுற்றுவட்டாரத்தில் மில்கள் பெருகின. பூப் பறிக்க வந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக மில் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். "என் ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போறதே என் புருசன்தான், நான் யாருகிட்டப் போயி நாயம் கேக்க" என்று அக்கா ரோட்டில் நின்று புலம்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மல்லிகை மொட்டு காத்திருக்காது. வெயில் ஏறுவதற்குள் பறிக்காவிட்டால் விரிந்துவிடும், விரிந்த பூவை மார்க்கெட்டில் யாரும் சீண்டமாட்டார்கள்.

அந்தக் கோடையில்தான் ஒரு ஞாயிறு மத்தியானம் வலைப்பையோடு வந்து பிச் நடுவில் நின்றார்.

"இந்தாங்க உங்க பந்து. இனிமே என் காட்டுல பந்து விழுந்தா அடிச்சவன் அவுட்டு. செருப்பைக் கழட்டிட்டு அவனே வந்து எடுத்துக்கணும். மறுநாக் காலைல அஞ்சரைக்கு வந்து ஒரு மணி நேரம் பூப் பறிச்சுக் குடுக்கணும். சம்மதமா, இல்ல பையைத் திரும்பக் கொண்டு போகட்டுமா?"

சம்மதித்தோம். அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்று எங்கள் டீமில் பூப் பறிக்கத் தெரியாதவன் கிடையாது. நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து பறித்தவன் உண்டு. மைதீன் பிச்சை டீக்கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வருவான். பூ இல்லாத மாதத்தில் அவுட்டானால் களை எடுக்க வேண்டும். வெளியூர் டீம்காரர்கள் மட்டும் அவுட்டை ஒத்துக்கொண்டு பூவுக்கு வராமல் தப்பித்துப் போவார்கள்.

அக்காவுக்கும் எங்கள் ஆட்டம் பிடிபட்டுப்போனது. வரப்பில் அவர் உட்கார்கிற இடம் பவுலருக்கு நேர் பின்னால், அம்பயர் நிற்கிற அதே கோடு. தகராறு வந்தால், "அக்கா, எல்பியா?" என்று நாங்கள் கத்துவோம். அவர் குனிந்து களை கொத்தியபடியே, "கால்லதான் பட்டுச்சு. ஆனா வெளிய போற பந்துடா அப்பு" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது, வாழ்நாளில் ஐம்பது ரன் அடித்ததில்லை. போன சித்திரையில் பழனிப் பக்கத்திலிருந்து பாலசமுத்திரம் டீம் வந்திருந்தது. அன்றைக்கு என்ன விசேஷமோ, தொட்டதெல்லாம் ஓடியது. நாற்பத்தேழு. ஒரு பந்து தோதாக வந்தது, நேராகத் தூக்கினேன். மேலே போன பந்து, காட்டின் முதல் வரிசைச் செடியில் போய்ப் பொத்தென்று விழுந்தது.

"அவுட்டுடா பிரான்சிசு. காலைல வந்துரு" என்றார் அக்கா.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "முதல் வரிசை உங்க எடமே இல்லக்கா. புறம்போக்குல தள்ளி நட்டுருக்கீக. அது ஆறு, நான் அம்பது" என்றேன்.

அக்கா கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தார். "அப்டியா?"

"அளந்து பாத்துருவமா?"

"அளந்துக்கயேன்."

பாலசமுத்திரத்து கேப்டன் பாண்டியராஜ் என் தோளைத் தொட்டு, "ஏனுங்க, ஒரு அவுட்டுக்கு யாராச்சும் நெலத்தை அளப்பாங்களா? விட்டுட்டு வாங்க" என்றான். நான் விடவில்லை. மறுநாள் காலை பூப் பறிக்கப் போகவுமில்லை. பன்னிரண்டு வருடத்தில் எங்கள் டீமில் சட்டத்தை மீறிய முதல் ஆள் நான்தான்.

நிலத்தை அளக்க வேண்டுமென்றால் நிலத்துக்காரர்தான் மனுப் போட வேண்டும். அதையும் நானே எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அக்கா வாசித்துக்கூடப் பார்க்காமல் பேனாவை வாங்கினார். "நல்லா யோசிச்சியாடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான்தான் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று பதிந்தேன்.

சர்வேயர் ஒரு வியாழக்கிழமை வந்தார். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு எங்கள் மைதானத்தில் டோர்னமெண்ட். பதினாறு டீம் பெயர் கொடுத்திருந்தது, மில் கேட்டுகளிலும் டீக்கடைகளிலும் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. நாங்கள் நடத்துகிற முதல் டோர்னமெண்ட் அது. அளந்து முடித்ததும் முதல் வரிசைச் செடி மைதானத்துக்குள் வந்துவிடும், பவுண்டரியை இன்னும் நாலடி தள்ளிப் போடலாம் என்று டீம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

கிணற்றடியில் ஒரு கல் கிடைத்தது. அங்கிருந்து சர்வேயர் படத்தை விரித்துப் பார்த்தபடி டேப்பை இழுக்கச் சொன்னார். டேப் முதல் வரிசைச் செடியைத் தாண்டியது. எனக்கு முகம் கொஞ்சம் மாறியது. லாங் ஆனைத் தாண்டியது. பவுலர் ஓடிவருகிற தடத்திலேயே வந்து, எங்கள் பவுலிங் ஸ்டம்புக்கு முன்னால் நின்றது.

ஸ்டம்ப் என்றால் கம்பு இல்லை. அந்த முனையில் பூமியில் ஊன்றிய முழங்கால் உயரக் கல் ஒன்று ஆதியிலிருந்தே இருந்தது. அதற்குப் பொங்கல்தோறும் சுண்ணாம்பு அடித்து, மூன்று கறுப்புக் கோடு போட்டு, ஸ்டம்பாக வைத்திருந்தோம். ரன் அவுட் என்றால் பந்து அந்தக் கல்லில் டொக்கென்று பட வேண்டும். சர்வேயர் குனிந்து சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டினார். கல்லின் தலையில் கொத்தியிருந்த குறி தெரிந்தது.

"சர்வே கல்லுக்கு யாருங்க இப்படி வெள்ளையடிச்சது? இதுதான் இந்தம்மா நெலத்து பவுண்டரி" என்றார்.

சோலைமுத்து மாமா குளத்துக் கரையில் எதையோ மும்முரமாகத் தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பவுலர் ஓடுகிற இடம், லாங் ஆன், லாங் ஆஃப், பாதி மைதானம், எல்லாம் அக்காவின் பட்டா நிலம். மீதி இடத்தில் கோலிதான் ஆடலாம். பிச் திசையைத் திருப்பிப் போடவும் வழியில்லை, ஒரு பக்கம் குளத்துக் கரை, ஒரு பக்கம் பஸ் ரோடு.

"அம்பது அடிக்கப் போயி கிரவுண்டையே அவுட்டாக்கிட்டியேடா" என்றான் மைதீன் பிச்சை. அவன் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை கிரவுண்டில் நின்று அழக் கூடாது என்பதற்காகச் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

சர்வேயர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா கல்லைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். முந்தானையால் அதன் தலையைத் துடைத்தார். பிறகு என்னிடம், "அந்தப் பேட்டைக் குடு" என்றார்.

"எதுக்குக்கா?"

"பன்னெண்டு வருசமா பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு பந்து அடிக்கக் கூடாதா?"

கொடுத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றார். மைதீன் பிச்சை நாலடி நடந்து வந்து மெதுவாக உருட்டிவிட்டான். அக்கா பேட்டை ஓங்கவே இல்லை. "சோறு திங்கலையாடா நீ? ஒழுங்காப் போடு."

இரண்டாவது பந்தை ஓடிவந்தே போட்டான். வீசினார் பாருங்கள், அப்படியொரு அடி. பந்து மைதீனின் தலைக்கு மேல் பறந்து, சர்வே கல்லைத் தாண்டி, மூன்றாவது வரிசை மல்லிகையில் போய் விழுந்தது. எங்களில் யாராவது வாயைத் திறந்தோமா? அவர் நிலம், அவர் காடு, நாங்கள் என்ன சொல்ல முடியும்?

அக்கா பேட்டைக் கீழே வைத்தார். "என்ன முழிக்கிறீங்க? அவுட்டு."

செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, காட்டுக்குள் போய்ப் பந்தைத் தேடி எடுத்து வந்து என் கையில் வைத்தார். "காலைல அஞ்சரைக்கு நான் வந்துருவேன். நீ எப்டி?"

டோர்னமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை.

மறுநாள் ஐந்தேகாலுக்கே போய்விட்டேன். துண்டை இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றேன். அக்கா அதற்கும் முன்னால் வந்து பாதி வரிசை பறித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வா. உனக்கு இது அம்பதாவது தடவை. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "அம்பது, அம்பதுன்னு அன்னைக்குக் குதிச்சியே, இந்தா அடிச்சாச்சு."

சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு செடியைப் பறித்து முடித்தேன். பிறகு மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, கல்லு அங்கதான் இருக்குன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"கல்யாணமாயி வந்த மறுநாளே எங்க மாமனாரு கூட்டிட்டுப் போயிக் காட்டுனாரு."

"பின்ன ஏங்க்கா இத்தனை வருசமா சொல்லல? அந்த எடத்துலயும் செடி வெச்சிருக்கலாமே."

"வெச்சு? யாரு பறிக்க?" அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மொதல்ல சும்மா கெடக்குற எடந்தானேன்னு விட்டேன். அப்புறம் இருக்குற செடிக்கே ஆளில்லாம நான் ரோட்டுல நின்னு அழுதேன், நீ பாக்கலையா? கல்லைக் காட்டிருந்தா நீங்கபாட்டுக்கு வேற எடம் பாத்துப் போயிருப்பீக. நீங்க வெளையாடுனாத்தானடா அவுட்டாவீக."

பன்னிரண்டு வருடமாக நாங்கள் அவர் காட்டில் விழாமல் அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் எங்களை வைத்தே பூப் பறித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இந்தத் தடவை அடக்கவில்லை. அக்காவும் சிரித்தார்.

"அப்ப டோர்னமெண்டு?" என்றேன்.

"நடத்து. ஸ்டம்புக்கு வேற கம்பு ஊனிக்க, கல்லு மேல பந்தை எறியாத." அவர் அடுத்த செடிக்கு நகர்ந்தார். "பதினாறு டீமுன்னு சொன்ன. வெளியூருக்காரனும் மறுநாக் காலைல வரணும்னு நோட்டீசுல சேத்துப் போடு. இப்பப் பேச்சை விட்டுட்டுப் பறி, மொட்டு விரிஞ்சிரப் போகுது."