மச்சான் மீதி வைத்த அரை கிளாஸ்

என் மனைவி ஸ்டெல்லா மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சுனாமிக்கு அடுத்து வந்த கோடை, 2005. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடந்த நேரம். எனக்கோ கை நடுக்கத்தில் உப்பு இழுக்கும் பலகையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. "நீ குடிய வுட்டாதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். செத்துப்போகலாம் போல இருந்தது.

போனது சரி, அண்ணன் வீட்டுக்கா போகவேண்டும்? அதுதான் என் வயிற்றெரிச்சல். அந்த அண்ணன், என் மச்சான் ஆரோக்கியமும் குடிப்பவர்தான். "எங்க அண்ணனுந்தான் குடிக்குது. இப்டியா ரோட்ல வுழுந்து கெடக்குது?" என்று அவள் கேட்காத நாளில்லை. சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒரே கடையில், ஒரே பெஞ்சில்தான் இருவரும் உட்காருவோம். அவர் பாதியில் எழுந்து, "போறேம்பா, பசிக்குது" என்று கிளம்பிவிடுவார். மீதியை அப்படியே வைத்துவிட்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண்டவர் இவரை மட்டும் என்ன தனியாகச் செய்தாரா?

கோயிலில் முழங்காலில் நின்று நான் கேட்டது என்ன தெரியுமா? "ஆண்டவரே, மச்சான் மாதிரி அளவா குடிக்க எனக்கும் வரம் தாரும்." சிரிக்காதீர்கள். அழுதுகொண்டுதான் கேட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை மச்சான் பைக்கில் வந்து நின்றார். "ஏறுப்பா. பாண்டில குடிய வுட கவுன்சிலிங் குடுக்கறாங்களாம். ஸ்டெல்லாதான் இட்டுனு போவச் சொல்லிச்சு" என்றார். பெரிய யோக்கியர் வந்துவிட்டார் என்று பொருமிக்கொண்டே ஏறினேன்.

அங்கே இருந்த ஆலோசகர் அம்மாவிடம், எனக்கு வியாதி எதுவும் இல்லை, மச்சான் மாதிரி மீதி வைக்கத்தான் வரவில்லை என்று கொட்டித் தீர்த்தேன்.

"கடைசியா எவ்ளோ மீதி வெச்சாரு?" என்று கேட்டார்.

"அரை கிளாஸுங்க. நாந்தான் எடுத்துக் குடிச்சேன்."

வெளியே நின்ற மச்சானைக் கூப்பிட்டு அதையே கேட்டார். மச்சான் தலையைச் சொறிந்தார். "மீதி வெச்சனா? ஞாபகமே இல்லீங்களே."

அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கோ சனிக்கிழமையிலிருந்து அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. "இதாங்க வியாதி. உங்களுக்கு அளவு கிடையாது, சுத்தமா விட்டாதான் உண்டு" என்றார் அந்த அம்மா. அங்கேயே தேம்பித் தேம்பி அழுதேன்.

மருந்து, வாராவாரம் கவுன்சிலிங், உடம்பு உதறிய நாட்கள், எல்லாம் பட்டேன். நடுவில் ஒருமுறை மறுபடி குடித்தும்விட்டேன். வெட்கத்தோடு திரும்பிப் போனேன், அந்த அம்மா திட்டவில்லை. மழை வந்து உப்பளம் மூடுவதற்குள் ஸ்டெல்லா மகளோடு வீடு வந்து சேர்ந்தாள்.

இப்போது 2006. பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். விருந்தில் மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு அரட்டையில் கிளாஸை மறந்து உட்கார்ந்திருந்தால் இன்னும் எரிகிறது. எழுந்து வெளியே போய் ஜெபிக்கிறேன். கேட்ட வரத்தைத் தராத ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

உங்களில் யாருக்காவது இந்த எரிச்சல் இருந்தால் ஆண்டவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தப்பாகக் கேட்டாலும் அவருக்குப் புரியும். திங்கட்கிழமை காலை கவுன்சிலிங்குக்கு நான் பாண்டி பஸ் ஏறுவேன். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.