கோதுக் கழுத்தும் கீழ்வீட்டுச் சண்டையும்

போன சனிக்கிழமை ஜேர்மனியின் ஆஹென் நகரப் பழஞ்சாமான் சந்தையில் ஒரு பெட்டியைக் கிளறியபோது விரலில் பித்தளை வாசம் ஒட்டிக்கொண்டது. மனைவி முகத்தைச் சுளித்தாள். எனக்கோ உடனே கிளவுஸும் ஊஷியும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

கலியாணம் முடித்த புதிதில் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தோம். புருஷன் கிளவுஸ், பெண்சாதி ஊஷி இருவருக்குமே குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பைத்தியம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறிய மாட்டார்கள். உரிமம் வைத்திருந்தார்கள், நிலவறையில் மறுபடி வெடிமருந்து நிரப்புவார்கள். அதற்கு முன் கோதின் கழுத்தை, அதாவது குண்டு செருகும் வாய்ப்பக்கத்தை, சீராக்க வேண்டும். நீண்டு போனதை வெட்டி, விளிம்பை வழித்து, சுற்றிவரத் தடிப்பு சமமாகும்வரை சீவி... மணப்பெண் கழுத்துக்குக்கூட இவ்வளவு சோடனை நடந்து நான் பார்த்ததில்லை.

எந்தக் கருவி நல்லது என்பதில்தான் வில்லங்கம். கிளவுஸுக்கு மின்சாரத்தில் சுழல்வது வேண்டும். ஊஷி கையால் திருகுவதைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். நான் கடைசல் பட்டறையில் வேலை செய்தது என் கெட்ட காலம். ஒருநாள் ஆளுக்கொரு கிண்ணம் கோதுகளோடு மேலே வந்து, அளந்து தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

வீட்டுச் சூடேற்றியின் விசை கிளவுஸ் கையில். உடுப்புத் தோய்க்கும் அறையைப் பூட்டும் திறப்பு ஊஷி கையில். மனைவி பிள்ளைத்தாய்ச்சி, மார்கழிக் குளிர் வேறு.

அளந்தேன். ஊஷியின் கழுத்துகள் சுற்றிவர ஒரே தடிப்பு. கிளவுஸினுடையவை ஒருபக்கம் மெலிந்திருந்தன. ஆனால் நீளத்தில் அவைதான் அச்சொட்டு. குசினிக்குள் போய், சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் யோசனை கேட்டேன்.

"அவவை வெல்ல வைச்சா குளிரிலை கிடக்க வேணும், அவரை வெல்ல வைச்சா ஊத்தை உடுப்போடை திரிய வேணும்," என்றாள். "ரெண்டு பேரிலையும் நல்லது இருக்குத்தானே? அதை மட்டும் சொல்லுங்கோ."

அப்படியே சொன்னேன். நீளம் வெட்ட மெஷின், கழுத்துச் சீவக் கை. அன்றிலிருந்து ஒரே மேசையில் கிளவுஸ் வெட்ட ஊஷி சீவ, நிலவறையில் ஒரே சிரிப்பு.

என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். சண்டை ஓய்ந்த பிறகுதான் அவர்களுக்கு மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. அடுத்த கிழமையே சோடியாக வந்து கதவைத் தட்டினார்கள். நாங்கள் கருவாடு பொரிப்பதை நிறுத்த முடியுமா என்று கேட்டார்கள்.

"நல்லாத்தான் சேர்த்து வைச்சியள்," என்றாள் மனைவி என்னிடம். பிறகு ஒரு பொரித்த துண்டை ஊஷியிடம் நீட்டினாள். ஊஷி மென்றார், யோசித்தார், கிளவுஸுக்கும் ஒன்று கேட்டார். அதன்பின் வாசம் கிளம்பினாலே தட்டோடு ஏறி வந்துவிடுவார்கள்.

இப்போது இருவரும் இல்லை. அந்த நிலவறையில் சைக்கிள்கள் நிற்கின்றனவாம். நாங்கள் இன்று இருக்கும் அடுக்குமாடியில் எங்கள் சமையல் யாருக்காவது பிடிக்காவிட்டால் நிர்வாகத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறது. முறைப்பாடு செய்தவரின் பெயர் இருக்காது. எந்தக் கதவென்று தெரிந்தாலாவது ஒரு பொரித்த துண்டோடு போய்த் தட்டலாம்.